லிஃப்டுக்கு ஒரு தகுதித் தேர்வு

அந்தக் குடியிருப்பில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. எதிரே நிற்கும்போது ‘சார்’, முதுகு திரும்பினால் ‘கேள்வித்தாள்’. தேர்வுத் துறையில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவர். வினாத்தாள் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது, திருத்தியவர்களையே திருத்துவது, இதுதான் வேலை. ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகியும் சட்டைப் பையில் சிவப்புப் பேனா இல்லாமல் மனிதர் வாசல் தாண்ட மாட்டார்.

நாட்டில் தேர்தல் முடிவு வெளியாகும் நாள் அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும் நாள். தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, “அழுதா ஓட்டு, சிரிச்சா ஓட்டு, கையெடுத்துக் கும்பிட்டா ஓட்டு. ஒருத்தனாவது தேர்தல் அறிக்கையைப் படிச்சிருப்பானா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். அவர் படிப்பார். எல்லாக் கட்சி அறிக்கைகளையும் வாங்கிவந்து, அடிக்கோடிட்டு, ஓரத்தில் குறிப்பெழுதி, மதிப்பெண் போட்டு, எது முதலிடமோ அதற்குத்தான் ஓட்டு. உணர்ச்சிக்கு அங்கே வேலையே கிடையாது. நாற்பது வருஷமாக இப்படித்தான் சீர்தூக்கிப் பார்க்கிறார். நாற்பது வருஷமாக ஒரே சின்னந்தான் முதலிடத்தில் வந்து நிற்கிறது. அது அவருடைய அப்பா போட்ட சின்னமாகவும் இருந்தது தற்செயல்தான். மனைவி எதற்குப் போடுகிறாள் என்று அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

நாடு அவர் கையில் இல்லை. ஆனால் குடியிருப்போர் சங்கம் இருந்தது. தரைத்தளத்தோடு சேர்த்து ஐந்து தளம், தளத்துக்கு நாலு வீடு, ஆக மொத்தம் இருபது வீடு. சங்கத்தில் வீட்டுக்கு ஒரு ஓட்டு. அந்த இருபது ஓட்டுக்கு ஒரு சோதனை வந்து சேர்ந்தது.

லிஃப்ட் செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பழைய இயந்திரத்தை இனி எந்த மருத்துவனும் பிழைக்கவைக்க முடியாது என்று நிறுவனத்துப் பொறியாளர் கையை விரித்துவிட்டார். புது லிஃப்ட் போடலாம், ஆனால் அதற்கான இயந்திரம் தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும். லிஃப்ட் ஓடும் சுவரை ஒட்டித் தரைத்தளத்தில் இருப்பது ஒரே ஒரு அறை. அதன் பெயர் வாசிப்பறை. ஒன்று லிஃப்ட், இல்லை வாசிப்பறை, இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

வாசிப்பறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதைத் திறந்துவைத்துப் பேசியவர் கேள்வித்தாள்தான். தன் புத்தகங்களில் இருநூறை ஓர் அலமாரியோடு தூக்கிக் கொடுத்தவரும் அவரே. அன்றைக்குப் பிறகு அந்த அறையில் யாராவது எதையாவது வாசித்திருந்தால் அது சீட்டுக்கட்டில் உள்ள எண்களாகத்தான் இருக்கும். தரைத்தளத்து ஆண்களும் முதல் மாடி ஆண்களும் சாயங்காலமானால் அங்கே கூடிச் சீட்டாடுவார்கள். தலைமை, தரைத்தளத்து வக்கீல்.

கேள்வித்தாளின் வீடு நான்காம் மாடி, பதினெட்டாம் எண். அங்கிருந்து தரைக்கு எழுபத்திரண்டு படி. அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. லிஃப்ட் நின்ற நாளிலிருந்து அந்த அம்மாள் தெருவில் கால் வைக்கவில்லை. காய்கறி மேலே வந்தது, மருந்து மேலே வந்தது, டாக்டர்கூட ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டே மேலே வந்தார். அவள் மட்டும் கீழே போகவில்லை. முன்பெல்லாம் மாலையானால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்கா வீட்டுக்கு நடந்து போய்வருவாள். இப்போது நாலு மணிக்குப் பால்கனிக் கம்பியில் சாய்ந்துகொண்டு அக்காவோடு போனில் பேசுவதோடு சரி. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தலையங்கம் படித்துக்கொண்டிருக்கும் கேள்வித்தாளுக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கும். பால்கனியில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது போலும் என்று அவர் நினைத்திருந்தார்.

“என்னங்க, லிஃப்ட் விஷயம் இந்தத் தடவையாவது முடிஞ்சிருமா?” என்று அவள் கேட்டாள்.

“முடிஞ்சிரும். நியாயம் நம்ம பக்கம் இருக்கு.”

“நியாயம் இருக்கட்டும். ஓட்டு இருக்கா?”

ஓட்டும் இருக்கத்தான் செய்தது. மூன்றாம் மாடி, நான்காம் மாடி எட்டு வீடும் லிஃப்ட் பக்கம். இரண்டாம் மாடியில் கைக்குழந்தைக்காரர்கள் மூன்று வீடு. ஆகப் பதினொன்று. எதிரே ஒன்பது. பேசாமல் கையைத் தூக்கச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும்.

ஆனால் பேசாமல் இருந்தால் அவர் கேள்வித்தாளா? போன வருஷம் நாய் வளர்க்கத் தடை கொண்டுவந்தபோது, வக்கீல் தன் நாயின் கதையைச் சொல்லிக் கூட்டத்தில் கண்ணீர் விட்டுத் தீர்மானத்தையே கவிழ்த்துவிட்டார். அந்த அழுகை கேள்வித்தாள் மனத்தில் முள்ளாகத் தைத்திருந்தது. இந்த முறையும் வக்கீல் அழுவார், பதினொன்றில் இரண்டு பேர் கரைந்துபோவார்கள். அதற்கு அணை போட வேண்டும்.

பொதுக்கூட்டத்தில் எழுந்தார். “ஓட்டுங்கிறது உரிமை மட்டும் இல்ல, தகுதி. விஷயத்தைப் படிச்சவன், படிச்சதைப் புரிஞ்சுக்கிட்டவன், காரணத்தோட பேசறவன், இவங்க மட்டும் ஓட்டுப் போடட்டும். ஒரு சின்னத் தகுதித் தேர்வு வைப்போம். நூறு மார்க். பாஸ் மார்க் முப்பத்தஞ்சு. புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், வீட்ல உக்காந்தே எழுதலாம். நானே திருத்தறேன். நான் திருத்தறதால எங்க வீட்டு ஓட்டை நான் போட மாட்டேன். என் வீட்டம்மாவே எழுதி, அவங்களே போடுவாங்க.”

மேல்மாடிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயிக்கிற ஆட்டத்தில் எதற்கு இந்த மனிதர் புதுச் சட்டம் போடுகிறார் என்பது அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. ஆனால் தேர்வு வேண்டாமென்று முதலில் சொல்கிறவனை என்னவென்று நினைப்பார்கள்? யாரும் வாய் திறக்கவில்லை. வக்கீல்தான் எழுந்தார். அழவில்லை.

“சார் சொல்றது நூத்துக்கு நூறு சரி. படிக்காம ஓட்டுப் போட்டுப் போட்டுத்தான் நாடு இந்த நிலைமைக்கு வந்திருக்கு. நாங்க தயார்.”

கேள்வித்தாளுக்கு வக்கீல் மேல் முதன்முறையாக மதிப்பு வந்தது. மனுஷனுக்குள்ளும் ஒரு நியாயம் இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, “அவரு எதுக்கு இவ்வளவு சந்தோஷப்படறாரு?” என்று கேட்டாள். “அது உனக்குப் புரியாது” என்றார். அதற்குமேல் மூன்று நாள் அவளிடம் தேர்வைப் பற்றி மூச்சு விடவில்லை. வினா தயாரிப்பவன் தேர்வு எழுதுகிறவரோடு பேசக் கூடாது. அவரே எழுதிய விதிகளில் அது நாலாவது.

ஐந்து கேள்விகள். முதல் நாலும் பொறியாளர் அறிக்கையிலிருந்தும் வாசிப்பறை விதிமுறையிலிருந்தும் எடுத்தவை, தலா பதினைந்து மதிப்பெண். ஐந்தாவதுதான் கட்டுரை, நாற்பது மதிப்பெண்: ‘லிஃப்ட், வாசிப்பறை இவ்விரண்டில் எது தேவை? உணர்ச்சிக்கு இடம் கொடாமல், தக்க காரணங்களுடன் விளக்குக.’

விடைத்தாள்களை வாங்கிவந்தது காவலாளி. அவருக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. அதனாலேயே கேள்வித்தாள் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார். மேலே உள்ள பெயர்ச் சீட்டைக் கத்தரித்து, சீட்டிலும் தாளிலும் ஒரே எண்ணைப் போட்டு, சீட்டுகளை உறையில் வைத்து ஒட்டிவிட வேண்டும். யார் எழுதிய தாள் என்று திருத்துகிறவருக்குத் தெரியவே கூடாது. முப்பத்தோரு வருஷம் அவர் கட்டிக்காத்த முறை அது.

சனிக்கிழமை காலை வாசிப்பறையிலேயே உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தார். கட்டைக் கொடுத்துவிட்டுக் காவலாளி நகராமல் நின்றார். நாலாக மடித்திருந்த ஒரு தாளைத் தொட்டு, “சார், இந்தப் பேப்பரு…” என்றார்.

“எந்தப் பேப்பரைப் பத்தியும் வாயைத் திறக்கக் கூடாது. விதி ஆறு.”

“இல்ல சார், அது வந்து…”

“விதி ஆறு.”

காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனார்.

திருத்தத் திருத்தக் கேள்வித்தாளின் சிவப்புக் கோடு அழுத்தமாக விழுந்தது. லிஃப்ட் வேண்டும் என்று எழுதியவர்களில் பாதிப் பேர் அறிக்கையைப் பிரித்தே பார்க்கவில்லை. எழுதி ஜெயிக்க வேண்டிய விஷயமாகவே அதை யாரும் நினைக்கவில்லை. ‘மாடி ஏற முடியவில்லை, இதில் விளக்க என்ன இருக்கிறது?’ என்று ஒரு தாள். ‘திருத்துகிறவர் ஒரு நாள் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்க்கட்டும்’ என்று இன்னொன்று. ‘இதுக்கெல்லாம் பரீட்சையா?’ என்று மட்டும் எழுதி, மிச்சப் பக்கம் முழுவதும் கோடு கிழித்த ஒரு தாள். அந்தக் கோடு கல்லூரியில் பாடம் எடுக்கிறவரின் கோடு என்பது பிறகுதான் தெரிந்தது.

வாசிப்பறை வேண்டும் என்றவர்களோ பிய்த்து உதறியிருந்தார்கள். ஆறு பக்கம், எட்டுப் பக்கம், உபதலைப்பு, அடிக்கோடு. ஒருவர் பொறியாளர் அறிக்கையிலிருந்தே பதினோரு மேற்கோள் எடுத்து, அந்த அறிக்கையையே அதன் வாயால் மறுத்திருந்தார். ஒன்பதாம் எண் தாள் எல்லாவற்றுக்கும் மேலே போய்விட்டது. ‘ஒரு குடியிருப்பின் உயரம் அதன் மாடிகளால் அல்ல, அதன் வாசிப்பால் அளக்கப்படுகிறது என்று இந்த அறையைத் திறந்துவைத்த பெரியவர் சொன்னார். கால்களைச் சுமக்க இயந்திரங்கள் வரலாம். மனத்தை உயர்த்த இந்த இருநூறு புத்தகங்களைத் தவிர நமக்கு வேறு என்ன இருக்கிறது?’

கேள்வித்தாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தான் அப்படிப் பேசியதே அவருக்கு மறந்துபோயிருந்தது. எவ்வளவு நல்ல பேச்சு. மேற்கோளைச் சரிபார்க்கலாம் என்று நினைத்தார். அன்றைய உரையை அச்சிட்டு அலமாரியில்தான் வைத்திருந்தார்கள். எழுந்துபோய் இழுத்துப் பார்த்தார், பூட்டியிருந்தது. பூட்டின் மேல் ஒரு சீட்டுக்கட்டு உறை தொங்கிக்கொண்டிருந்தது.

காவலாளியைக் கூப்பிட்டார். “அலமாரிச் சாவி எங்கே?”

“அது தொலைஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு சார்.”

“யாரும் கேக்கலையா?”

“நீங்கதான் சார் முதல்ல கேக்கறீங்க.”

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு யோசித்திருப்பார்கள். கேள்வித்தாள் அப்படிப்பட்டவர் அல்ல. விடைத்தாளில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் மதிப்பெண், அதற்கு வெளியே என்ன நடக்கிறது என்பது திருத்துகிறவன் வேலை இல்லை. பூட்டிய அலமாரிக்கு முன்னாலேயே உட்கார்ந்து, ஒன்பதாம் எண்ணுக்கு நாற்பதுக்கு முப்பத்தெட்டுப் போட்டார். ஓரத்தில் ‘அருமை’ என்றும் எழுதினார். தான் உருகிப்போய்ப் போட்ட மதிப்பெண் அது என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்.

கடைசியாக அந்த நாலு மடிப்புத் தாள். குண்டு குண்டான, மெனக்கெட்டு எழுதிய எழுத்து. முதல் நாலு கேள்விக்கு ஏதோ அறிக்கையைப் படித்துத்தான் எழுதியிருந்தது. இரண்டு பதில் சரி, ஒன்றில் நாலு மதிப்பெண்ணுக்கு மட்டும் விஷயம் இருந்தது, ஒன்று தவறு. மொத்தம் முப்பத்து நாலு. கட்டுரைக்கு ஒரே ஒரு வரி: ‘கீழே போய்ப் பார்க்க வேண்டிய ஆள் இருக்கிறது.’

அவ்வளவுதான். காரணம் இல்லை, ஆதாரம் இல்லை, முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை. கேள்வித்தாள் ஓரத்தில் எழுதினார்: ‘யார்? ஏன்? வெறும் உணர்ச்சி.’ வட்டமாக ஒரு பூஜ்யம் போட்டார். பிறகு கூட்டலைச் சரிபார்த்தார். முப்பத்து நாலுதான். ஒரு மார்க்தானே என்று கை ஒரு நொடி நின்றது. ஆனால் கருணை மதிப்பெண் கேட்டு மேலதிகாரியே வந்து நின்றபோதும் அசையாத கை அது. தாளை ‘தோல்வி’ அடுக்கில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். உறையை எல்லார் முன்னாலும் கிழித்தார். தேறாதவர்கள் ஐந்து பேர். எண்ணைச் சொல்லி, சீட்டை எடுத்து, கதவு எண்ணை உரக்கப் படித்தார். முதல் மாடியில் ஒருவர், இரண்டாம் மாடியில் ஒருவர், மூன்றாம் மாடியில் ஒருவர், நான்காம் மாடியில் கல்லூரிக்காரர். ஐந்தாவது சீட்டையும் அதே குரலில் படித்தார்.

“பதினெட்டாம் எண் வீடு.”

படித்து முடித்த பிறகுதான் அது தன் வீடு என்று அவருக்கு உறைத்தது. சீட்டைத் திருப்பிப் பார்த்தார். அவளுடைய பெயர்தான், அதே குண்டு எழுத்தில். நாற்பத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தும், மனைவியின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள அவசியம் வந்ததில்லை, எழுதுகிற வேலையெல்லாம் அவருடையது.

வக்கீல்தான் முதலில் எழுந்து கைதட்டினார். “சொந்தப் பொஞ்சாதியையே ஃபெயில் ஆக்கியிருக்காரு. இதுக்கு மேல நேர்மைக்கு என்ன சாட்சி வேணும்?” கீழ்த்தளம் முழுக்க எழுந்து நின்று தட்டியது. மேல்மாடிக்காரர்கள் தட்டவில்லை. கேள்வித்தாள் தலையைக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டார். வெட்கக்கேடுதான், ஆனாலும் அந்தக் கைதட்டல் அவருக்குப் பிடித்தே இருந்தது.

ஓட்டெடுப்பு இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. பதினொன்றில் நாலு போக லிஃப்டுக்கு ஏழு. ஒன்பதில் ஒன்று போக வாசிப்பறைக்கு எட்டு. விதி பத்தின்படி இந்த முடிவை மூன்று வருஷத்துக்கு மாற்ற முடியாது. விதி பதினொன்றின்படி மறுமதிப்பீடும் கிடையாது. இரண்டையும் வரிக்கு வரி யோசித்து எழுதியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

விடைத்தாள்களைக் காவலாளி வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்திருந்தார். கேள்வித்தாள் மேலே வந்தபோது அவருடைய வீட்டுத் தாள் சமையலறை மேஜையில் இருந்தது, மடிப்பு பிரித்து. மனைவி சாப்பாடு போட்டாள். அவர் சாப்பிட்டார். பாதிச் சோற்றில் நிறுத்தினார்.

“நீ எழுதினதுன்னு எனக்குத் தெரியாது” என்றார்.

“தெரிஞ்சிருந்தா?”

அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. “அப்பவும் பூஜ்யந்தான் போட்டிருக்கணும்.”

“அப்புறம் என்ன? சாப்பிடுங்க.”

“ரெண்டு வரி சேர்த்து எழுதியிருக்கலாமே. காரணத்தோட. அந்த வக்கீல் எட்டுப் பக்கம் எழுதியிருக்கான்.”

“அவருக்குக் காரணம் தேவைப்பட்டிருக்கு, எழுதியிருக்காரு.”

திட்டியிருந்தால்கூட அவர் பதில் சொல்லிச் சமாளித்திருப்பார். அவள் தட்டை எடுத்துக் கழுவப் போய்விட்டாள். அன்றைக்கு அவரால் தலையங்கம் படிக்க முடியவில்லை. மேஜை முன்னாலேயே உட்கார்ந்து, தன்னுடைய சிவப்பு எழுத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். யார்? ஏன்?

நாலு மணிக்குப் போன் அடித்தது. அவள் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பால்கனிக்கு நடந்தாள். கம்பியில் சாய்ந்து, “இல்லக்கா, நடக்கலை. மூணு வருஷத்துக்கு இல்லையாம்” என்றாள். இன்றைக்குச் சிரிப்புச் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தாள். வாசற்படியில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

“யாருன்னு கேட்டு எழுதியிருந்தீங்களே. வந்து பாருங்க.”

அவர் போய் எட்டிப் பார்த்தார். கீழே நடைபாதையில், மின்கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனைக் காதில் வைத்தபடி, அக்கா அண்ணாந்து பார்த்து நின்றுகொண்டிருந்தாள். மாடிப்படி ஏறவே கூடாதென்று இதய டாக்டர் சொல்லியிருந்த அக்கா. வெயில் கண்ணில் படாமல் இருக்க முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள்.

“எப்பலேர்ந்து இப்படி?”

“ஏழு மாசமா. ஒரு நாள் தவறாம வருவா, அரை மணி நேரம் நிப்பா. முகத்தைப் பார்த்துப் பேசின மாதிரி இருக்குமாம்.” அவள் கம்பியில் கையை ஊன்றிக்கொண்டாள். “அவளுக்கு எழுபத்தொண்ணு. அரை மணி நேரம் நிக்க முடியலைங்க இப்பல்லாம்.”

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார், விதி எண்கள்தான் வந்தன. மூடிக்கொண்டார். உள்ளே போய்ச் சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்தார். கதவைத் திறந்துகொண்டு படியிறங்கினார்.

தேக்கு நாற்காலி, கனம். ஒவ்வொரு தளத்திலும் கீழே வைத்து மூச்சு வாங்கிக்கொண்டார். தரைத்தளத்தில் வாசிப்பறைக் கதவு திறந்திருந்தது. வெற்றிக்குப் பிறகான முதல் ஆட்டம், களைகட்டியிருந்தது. அவரைப் பார்த்ததும் எல்லாரும் சீட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டு மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

“உக்காருங்க சார்” என்றார் வக்கீல். “இங்க நாற்காலி இருக்கே, நீங்க வேற எதுக்கு எடுத்துட்டு வர்றீங்க?”

கேள்வித்தாள் வாசலைத் தாண்டினார். நடைபாதையில், கம்பத்தின் நிழல் விழும் இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டார். அக்கா அவரையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் விட்ட மூச்சு அவருக்குக் கேட்டது.

“உன் வீட்டுக்காரரு நாற்காலி கொண்டாந்து போட்டிருக்காருடி” என்று போனில் சொன்னாள்.

மேலே பால்கனியில் நின்றவள் என்ன சொன்னாளோ, அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

“எதுக்குப் போட்டீங்கன்னு காரணத்தோட எழுதித் தரணுமாம்.”

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சிவப்புப் பேனா இருந்தது. எழுத ஒன்றும் தோன்றவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவரும் அண்ணாந்து பார்த்தார். நான்காம் மாடி அங்கிருந்து பார்க்க ரொம்ப உயரத்தில் இருந்தது.